இறங்கும் வழியைப் பார்த்து வாங்குங்கள்

பட்டிப்பொலயில் லீக்ஸும் கரட்டும் போடுகிற தம்பி ஒருவர், பிளேன்டீயைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "அண்ணே, தோட்ட வேலைக்குக் குவாட் பைக் ஒன்று எடுக்கப் போறேன். லீவு நாளில கொஞ்சம் ஓடியும் பார்க்கலாம். 400 சிசி போதுமா, 700 வேணுமா?" சிசியைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் நிலம் எவ்வளவு சரிவு என்று சொல்லுங்கள் என்றேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று, பேசியதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பட்டிப்பொல ரயில் நிலையம் இலங்கையிலேயே உயரமானது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர். அவ்வளவு உயரம் ஏறி வரும் மலையக ரயில் பாதையில்கூடக் கடும் ஏற்றம் என்பது 44 அடிக்கு 1 அடிதான். நம்முடைய பாத்திகளுக்குப் போகும் பாதை அப்படியில்லை. அதை அளந்து பாருங்கள். 10 அடி மூங்கில் ஒன்றின் ஒரு நுனியை மேட்டில் ஊன்றி, மறு நுனியைச் சரிவின் பக்கம் மட்டமாக நீட்டிப் பிடியுங்கள். பாதி தண்ணீர் உள்ள போத்தலை அதன்மேல் படுக்க வைத்தால் மட்டம் தெரியும். நீட்டிய நுனிக்கும் நிலத்துக்கும் நடுவே நாலரை அடி இருந்தால், அது கிட்டத்தட்ட 25 பாகைச் சரிவு. சில குவாட் பைக் கையேடுகள் இதற்கு மேல் போகாதே என்று சொல்வது அந்த அளவில்தான். பாரத்தோடு, ஈரப் புல்லில் என்றால் அதைவிட நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சிசி. இந்த உயரத்தில் காற்று, கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதானது. எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அந்தளவு குறையும். காபரேற்றர் வண்டியில் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போய்ப் புகை கக்கும். இன்ஜெக்ஷன் வண்டி தானே சரிசெய்துகொள்ளும். அதற்காக 700க்கு ஓட வேண்டாம். நான்கு சக்கர இழுவையும் நல்ல தாழ்ந்த கியரும் இருந்தால் 400 சிசி வண்டியே உர மூட்டையை இழுத்துக்கொண்டு ஏறும். பெரிய எஞ்சின் கூட்டித் தருவது பெரும்பாலும் வேகத்தையும் எடையையும்தான். நம் பாதைக்கு இரண்டும் வேண்டாதவை.

ஏற முடியாத வண்டி நின்றுவிடும். இறங்கும்போது பிடிபடாத வண்டி, கானையும் கல்லையும் தாண்டித் தன்பாட்டில் போகும். ஆகவே நான் முதலில் பார்ப்பது எஞ்சின் பிரேக்கைத்தான். பெல்ட்டில் ஓடும் ஓட்டோமெட்டிக் வண்டிகள் சிலவற்றில், அக்சிலேற்றரை விட்டதும் பெல்ட் தளர்ந்து நியூட்ரலில்போல உருளத் தொடங்கிவிடும். ஹொண்டா ரான்ச்சர் போன்றவை பெல்ட் இல்லாமல் கியரில் ஓடுபவை. யமஹா கோடியாக் பெல்ட் வண்டிதான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும்போது எஞ்சின் நான்கையும் பிடித்து இறக்கும். எந்தப் பெயர் என்பதைவிட இந்தக் குணம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

டயரையும் கவனியுங்கள். இந்த வண்டிகளின் டயருக்குக் காற்று 5 பிஎஸ்ஐ அளவுதான். சரியான கணக்கு வண்டியிலேயே ஒட்டியிருக்கும். பெற்றோல் ஷெட்டில் ஓட்டோவுக்கு அடிப்பதுபோல் 30 அடித்தால், டயர் உப்பி நடுப்பகுதி மட்டும் மண்ணைத் தொடும், ஈரக் களியில் பிடி போய்விடும். வழக்கமான கேஜில் 5 என்பது முள் அசையத் தொடங்கும் இடம், நம்ப முடியாது. குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள்.

நீண்ட சீற்றைப் பார்த்து இரண்டு பேர் போகலாம் என்று நினைக்கிறார்கள். அது ஓட்டுபவர் ஏற்றத்தில் முன்னும் இறக்கத்தில் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்கு. பிள்ளைகளைப் பின்னால் ஏற்றவே வேண்டாம். பயிருக்கு அடிக்கும் மருந்துத் தாங்கியும் அப்படித்தான்: 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ, பாதித் தாங்கி என்றால் திருப்பத்தில் ஒரு பக்கமாக அலைந்து வண்டியைச் சாய்த்துவிடும். நான்கு சக்கர இழுவையுள்ள 400 சிசி வண்டியே பெரும்பாலும் 250 கிலோவுக்கு மேல். மேலே விழுந்தால் தனியாளாகத் தூக்க முடியாது. வண்டி புரண்டு நசுங்கிப் பலர் செத்ததால்தான், 2021 ஒக்டோபர் முதல் அவுஸ்திரேலியாவில் விற்கும் புதிய வேலை வண்டிகளுக்கு ஓட்டுபவரைக் காக்கும் வளைவு கட்டாயமானது. இங்கே அது இல்லாவிட்டாலும் ஹெல்மெட்டை விடாதீர்கள்.

இனி வாங்கும் விஷயம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். ஆகவே கைமாறி வரும் வண்டிகளில் பழசு கூடுதல். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், வீதியில் ஓட்டப் பதிவு உண்டா என்று கேட்காமல் காசைக் காட்டாதீர்கள். லீவு நாள் ஓட்டம் உங்கள் நிலத்தோடு இருக்கட்டும். பக்கத்தில் உள்ள, 1988இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியின் புல்லில் ஒரு சக்கரமும் படக்கூடாது.

ஒவ்வொரு நாளும் மூட்டை கணக்காகக் கோவாவும் கிழங்கும் வீதிக்கு வர வேண்டுமென்றால் குவாட் பைக்கே வேண்டாம், லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரும் டிமோ பட்டா என்கிற சின்ன லொறியும் போதும். ஆளும் கொஞ்சம் சாமானும் மேட்டுக்குப் போய்வர என்றால் இன்ஜெக்ஷன் உள்ள 400 சிசி வண்டியை எடுங்கள். காசு கொடுக்குமுன், மழை பெய்த மறுநாள், மூங்கிலால் அளந்து எல்லைக்குள் இருக்கிற ஒரு பாதையில் தாழ்ந்த கியரில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.