தக்கை ஆடும்போது மனம் என்ன செய்கிறது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் துக்க வீட்டில் உண்மையான வெறுமை தொடங்குகிறது. "மனசு சரியில்ல, ஏரிப் பக்கம் போயிட்டு வரேன்" என்று தூண்டிலை எடுப்பவர்கள் உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி விரியும் தாமல் போன்ற ஏரிக்கரையில் அப்படி உட்காரும் ஒருவருக்கு ஆறுதல் எங்கிருந்து வருகிறது? தூண்டில் நரம்பின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும்.

முதலில் தக்கை. மயிலிறகுத் தண்டை நறுக்கிக் கட்டுவது பழைய வழக்கம். தண்டுக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் இருப்பதால் மிதக்கிறது. ஆனால் நன்றாக மிதப்பது நல்ல தக்கை ஆகாது. ஈயக் குண்டைக் கூட்டிக் குறைத்து, மூழ்கப் போகிற நிலையில் அதை நிறுத்த வேண்டும். அப்போதுதான் மெல்லிய கடியும் மேலே தெரியும்.

கீழே மீன் இன்னும் நுட்பமான கருவி. அதன் விலாவில் 'பக்கக்கோடு' என்னும் உணர்வு வரிசை ஓடுகிறது. நம் உட்காதில் ஒலியை உணரும் அதே வகை மயிர் செல்கள்தான் அங்கே நீரின் அசைவை உணர்கின்றன. கெளுத்திக்கோ மீசையில் மட்டுமல்ல, உடம்பெங்கும் நாக்கு! அமெரிக்கக் கெளுத்தி இனம் ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுவை மொட்டுகள். நமக்குச் சில ஆயிரம்தான்.

நீரில் ஒலி நொடிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் பாயும். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் காற்றிலிருந்து நீருக்குள் நேராக இறங்கும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மற்றது மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கரையில் தொம்மென்று கால் வைத்தால் மண்வழி அதிர்வு மீனை விரட்டும். வாய்விட்டு அழுதாலோ மீனுக்கு அநேகமாகத் தெரியாது.

இனி கரையில் இருப்பவரின் மூளை. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி 1989இல் வெளியிட்ட நூலில் 'மென்கவர்ச்சி' பற்றி எழுதினார்கள். நம்மை வற்புறுத்தாமல், தானாகக் கவனத்தைப் பிடித்துவைக்கும் காட்சிகள் அவை: அலை, மேகம், இலையசைவு. கைப்பேசி கவனத்தை முழுக்க விழுங்கிவிடும். தக்கை பாதியைத்தான் கேட்கும். மீதிப் பாதியில் போனவர் வந்து உட்காரலாம்.

அவர் அங்கேயே தங்கிவிடவும் தூண்டில் விடாது. தக்கை துடிதுடித்தால் ஜிலேபி மீன் கொத்திப் பார்க்கிறது. சாய்ந்து நகர்ந்தால் கெளுத்தியாக இருக்கலாம். வெட்டி இழுத்துவிட்டால் அடுத்த சில நிமிடங்களுக்கு வேறு நினைப்பே கிடையாது. கெளுத்தி தன் பக்க முட்களை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். தசைபலத்தை நம்பாமல் மூட்டின் அமைப்பே அதை நிமிர்த்தி நிறுத்தும். குத்தினால் விண்ணென்று வலிக்கும். முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடித்து, தூண்டிலைக் கழற்றி, புது மண்புழு கோத்து வீசியபின் மறுபடி காத்திருப்பு. மறுபடி நினைவு.

இந்தப் போக்குவரத்துதான் விஷயம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் இருவரும் 1999இல் 'இருமுகச் செயல்பாடு' என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். துக்கம் படிப்படியாக இறங்கி முடிவதில்லை. இழப்பை எண்ணி உருகுவது, அன்றாட வேலைக்குத் திரும்புவது என்ற இரண்டுக்கும் இடையே மனம் போய்ப் போய் வருகிறது. அந்த அலைவே நலமான துக்கத்தின் இயல்பு. இரவும் பகலும் ஒரே பக்கத்தில் சிக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் சோறும் வேலையும் பிடிக்காமல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எதிர்முனையில் இருக்கும் மீன் எப்போது கடிக்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால் எப்போது நினைப்பது, எப்போது மறப்பது என்று தீர்மானிக்கும் பாரமும் இறங்கிவிடுகிறது. வெறும் பையோடு திரும்புபவரை "ஒண்ணுமே மாட்டலையா?" என்று யாராவது கேட்கலாம். தூண்டில் தன் வேலையைச் செய்துவிட்டது. குழம்புக்குத்தான் மீன் இல்லை.