எண்ணும்மையும் விகற்பமும்: கூட்டுப் பொருத்திகளைச் சோதிக்கும் முறை

கணினிக்கு எழுதும் நிரலைச் சிறுசிறு பகுதிகளாகச் சோதிப்பதை அலகுச் சோதனை என்பர். ஜாவா மொழியில் இதற்குத் துணைபுரியும் தொகுதிகளுள் ஒன்று ஹாம்கிரெஸ்ட். விடை எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்று உரைக்கும் உறுப்பு அதில் 'மேட்சர்' எனப்படும். தமிழில் பொருத்தி எனலாம்.

பொருத்திகள் இரண்டைக் கூட்டி ஒன்றாக்கவும் இயலும். 'ஆல்ஆஃப்' என்பது எண்ணும்மை போன்றது: ஓர் எண் 10-இனும் பெரியதாகவும் இரட்டைப்படையாகவும் இருந்தாலன்றி ஏற்காது. 'எனிஆஃப்' என்பது விகற்பம் உணர்த்தும் 'ஆவது' போன்றது: இரண்டில் ஒன்று பொருந்தினும் ஏற்கும்.

இவற்றைச் சோதிப்போர் வழுவும் இடம் ஒன்றுண்டு. 12 என்னும் எண்ணில் இரு தன்மையும் உள. 7-இல் இரண்டும் இல. இவற்றை மட்டும் கொடுத்துப் பார்த்தால், இரு கூட்டுப் பொருத்திகளும் ஒரே விடை தரும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று தவறிப் புகுந்திருப்பினும் சோதனை வெற்றி என்றே காட்டும்.

வேற்றுமை புலப்படுவது 13, 8 ஆகியவற்றில்தான். 13 பெரிது, ஆனால் ஒற்றை. 8 இரட்டை, ஆனால் சிறிது. இவற்றை ஆல்ஆஃப் தள்ளும், எனிஆஃப் கொள்ளும். இவ்விரண்டில் ஒன்றை விட்டாலும், ஓர் உறுப்பை மட்டும் நோக்கி மற்றதை நோக்காத பொருத்தி தேறிவிடக்கூடும். ஆதலின் நான்கு நிலைகளையும் சோதித்தல் இன்றியமையாதது.

இன்னொன்று: விடையைத் தள்ளும்போது ஆல்ஆஃப், முதலில் பொருந்தாத உறுப்பைச் சுட்டிக் காரணம் கூறும். அக்கூற்றும் சரிதானா என்று சோதித்தல் வேண்டும். பிழை என்று சிவப்புக் கோடு மட்டும் இட்டால் மாணாக்கன் திருந்துவது எங்ஙனம்?