முட்டுக்கட்டையும் மோட்டார்வண்டியும்

முட்டுக்கட்டை என்னும் சொல்லை இந்நாளில் நாம் பழிச்சொல்லாகவே ஆண்டு வருகிறோம். நற்பணியைக் கெடுப்பவனை, “முட்டுக்கட்டை போடுகிறான்” என்கிறோம். தேரோட்டம் கண்டவர்கள் இதற்கு உடன்பட மாட்டார்கள். உருண்டுவரும் தேர்ச்சக்கரத்தின் அடியில் உரிய நேரத்தில் கட்டையைக் கொடுப்பவர் இல்லையெனில், வடம் பிடித்தவர்கள் மீதே தேர் ஏறிவிடும் அன்றோ? உயிர் காக்கும் பொருளுக்கு இப்படியொரு கெட்ட பெயர் வாய்த்தது வியப்பே.

மோட்டார்வண்டியில் அக்கட்டையின் வேலையைச் செய்வது பிரேக். இதனைத் தடை என்றும் நிறுத்தி என்றும் தமிழில் வழங்குவர். முன்சக்கரத்தில் தேய்ந்து தேய்ந்து வண்டியை நிறுத்தும் ‘பிரேக் பேட்’ என்பதைத் தடைக்கட்டை என்றே இங்குக் குறிப்போம். ஆசிரியர்கள் இதனினும் நல்ல சொல் கண்டால் அதுவே நிலைக்கட்டும்.

சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் இரண்டு கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. கால்மிதியை அழுத்தும்போது, குழாயிலுள்ள எண்ணெய் அவ்வழுத்தத்தைப் பிஸ்டனுக்குக் கொண்டு செல்கிறது. இத்தகைய வட்டுத்தடைக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் 1950களில்தான் அது கார்களில் பரவலாயிற்று. பின்கட்டைகளைவிட முன்கட்டைகள் விரைவில் தேய்வதேன்? பேருந்து திடீரென நிற்கும்போது நாம் முன்னே சாய்கிறோமல்லவா? அதுபோல வண்டியின் பாரமும் முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அவற்றின்மேல் விழுகிறது.

ஓடும் வண்டியின் ஆற்றல் அழிவதில்லை, வெப்பமாக மாறுகிறது. ஆயர் தாவாரிலிருந்து கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு சென்று வருவோர் பலர். மேலே தானா ராத்தாவின் குளிரில் உலவிவிட்டுத் தாப்பாவுக்கு இறங்கும்போது, வண்டி 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை இழக்கிறது. வண்டியின் எடை 1,000 கிலோ என்று கொண்டு கணக்கிட்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்கும். காலைத் தடையிலேயே வைத்திருந்தால் கட்டையும் வட்டும் எண்ணெயும் அதனைத் தாங்க வேண்டும். தடையெண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரமேறிய பின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்துக் குமிழி எழுந்தால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலையிறக்கத்தில் பேருந்து கவிழ்ந்து 37 பேர் மாண்டனர்; அப்பேருந்தின் தடைகள் பழுதுற்றிருந்ததைப் பின்னர் நடந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

புதுக்கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனமிருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். கைப்பழக்கமுள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். குளிர்நாடுகளில் உறைபனிமீது ஜாக்கி வழுக்கும். உப்புத் தூவிய சாலைகளால் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடக்கும். நமக்குப் பனியில்லை, ஆனால் ஆண்டிறுதி மழையில் தோட்டப்புற வீடுகளின் மண்முற்றம் சேறாகிறது. ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு நன்னீர் என்பது பொருளாயினும், லுமுட் கடற்காற்றின் உப்பு வெகுதொலைவில் இல்லை. ஆகவே மழைநாளில் முற்றத்தைவிடச் சிமெண்டுத் தரையே நல்லது. அது கிடைக்காவிடில் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வேண்டும்.

முதலில் கைத்தடையை இழுத்துவிட்டுப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். சக்கரத்தின் நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பின் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. தாங்குகால் வைத்த பின்னரே கையை உள்ளே விடுக. ஒருபுறம் முடித்த பிறகு மறுபுறம் தொடங்கினால், முறை மறந்தால் பார்த்துக்கொள்ள மற்றொன்று மாதிரியாக நிற்கும். கட்டையை மட்டும் இருபுறமும் ஒருசேர மாற்றவேண்டும்; இல்லையேல் வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும், கட்டைகளைப் பிடித்திருக்கும் இடுக்கியின் கீழ்ப்போல்ட்டை எடுத்து மேலே தூக்கலாம். முழுவதும் கழற்ற நேர்ந்தால் கம்பியால் கட்டித் தொங்கவிடுக. எண்ணெய்க் குழாய் அதன் பாரத்தைத் தாங்கக் கூடாது. தூசியை ஊதாதீர்கள். பழங்கட்டைகளில் கல்நார் இருந்திருக்கலாம். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே முறை. பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது மேலேயுள்ள எண்ணெய்க்கலத்தைக் கவனிக்க வேண்டும். வழிந்தால் வண்டியின் வண்ணம் உரிந்துவிடும். இடுக்கி நகரும் ஊசிகளில் துருவைப் போக்கி, வெப்பந்தாங்கும் சிலிகோன் கிரீசைப் பூசுக. இங்குள்ள ஈரக்காற்றுக்கு இதுதான் முதன்மையான வேலை. ஊசி இறுகினால் ஒரு கட்டை மட்டும் தேய்ந்து, மற்றது புதிதாகவே கிடக்கும். கட்டையின் முகத்திலும் வட்டிலும் கிரீசு ஒரு துளியும் படலாகாது.

போல்ட்டுகளையும் நட்டுகளையும் அந்தந்த வண்டிக்குரிய கையேடு கூறும் அளவுக்கு முறுக்குக. வண்டியை நகர்த்துமுன் கால்மிதியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டிப்படும்வரை பார்க்க வேண்டும். பின்தள்ளிய பிஸ்டன் கட்டையைத் தொடாதிருந்தால் முதல் மிதிப்பு வெறுமையாய்ப் போகும். பலர் வேலியில் மோதுவது இங்கேதான். பிறகு எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்து, ஆளில்லாச் சாலையில் மெதுவாக ஓட்டி, சிலமுறை மிதமாக நிறுத்திப் பழக்குங்கள். புதுக்கட்டை வட்டோடு ஒட்டிப் பதிய ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டம் தேவைப்படும். கேமரன் பயணத்தை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.