‘மனசு சரியில்ல’ என்று சொன்ன தீபாவளி

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. ஆகஸ்ட் மாதம் பாட்டி காலமாகிவிட்டார். ஓராண்டுத் திதி முடியும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். இருந்தாலும் அக்டோபர் 20, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆண்டுதோறும் அந்த நேரத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து எழுப்புபவர் பாட்டிதான். சமையலறைக்குப் போனேன். விளக்கைக்கூடப் போடாமல் அம்மா உட்கார்ந்திருந்தார்.

“தூங்கலயா?” என்றார்.

“தூக்கம் போயிடுச்சு” என்றேன்.

இருவரும் மைலோ குடித்தோம். பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அப்போது என் நிலைமை அம்மாவுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் அது பத்தாவது வாரம். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. டுட்டோரியல் வகுப்புகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். 20 விழுக்காடு மதிப்பெண் கொண்ட ஒரு கட்டுரையை ஒப்படைக்கவே இல்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்புவேன். நூலகத்தில் கணினியைத் திறந்து வைத்து, ஒரு வரியும் படிக்காமல், மாலையில் விரைவு ரயில் ஏறித் திரும்பிவிடுவேன். “படிப்பு எப்படிப் போகுது?” என்று அம்மா கேட்டால் “நல்லா போகுது.”

சிங்கப்பூரில் தீபாவளிக்கு ஒரு நாள்தான் பொது விடுமுறை. அந்த ஒரு நாளுக்குள் எண்ணெய்க் குளியல், கோயில், நான்கைந்து உறவினர் வீடுகள், இரவில் மறுநாள் வகுப்புக்கான வேலை என்று எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அதோடு சிரித்த முகமும் வேண்டும். போகும் வீட்டிலெல்லாம் எத்தனையாவது ஆண்டு, என்ன துறை, படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும், ஏன் இளைத்துவிட்டாய் அல்லது ஏன் பருத்துவிட்டாய் என்ற கேள்விகள் வரும். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் பிள்ளையிடம் வேறு என்னதான் பேசுவது என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனால் உள்ளே ஏற்கெனவே ஏதோ உடைந்திருக்கும்போது, ஐந்தாவது முறையாக அதே பதிலைச் சிரித்துக்கொண்டே சொல்வது எவ்வளவு களைப்பான வேலை என்பது சொல்பவருக்குத்தான் தெரியும்.

துக்க வீடு என்பதால் எனக்கு இந்தக் கேள்விகள் இல்லை. பதிலாகக் கைப்பேசி இருந்தது. புதுப் பாவாடை தாவணி, சிராங்கூன் சாலை ஒளியூட்டு, தாத்தா பாட்டியுடன் குடும்பப் படம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தவும் முடியவில்லை.

மனநலக் கழகம் நடத்திய தேசிய இளையர் மனநல ஆய்வின் முடிவுகள் 2024 செப்டம்பரில் வெளிவந்தன. 15 முதல் 35 வயது வரையிலான இளையரில் கிட்டத்தட்ட மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் அறிகுறிகள் கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருந்ததாக அந்த ஆய்வு கூறியது. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் சமூக ஊடகத்தில் செலவிடுவதும் இதனுடன் தொடர்புடைய காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டது. அன்று நான் பகல் பன்னிரண்டு மணிக்குள்ளேயே அந்த மூன்று மணி நேரத்தைத் தாண்டியிருப்பேன்.

இவ்வளவு இருந்தும் வீட்டில் ஏன் வாய் திறக்கவில்லை? யோசித்துப் பார்த்தால், என்னிடம் அதற்கான தமிழ் இல்லை. நண்பர்களிடம் ‘ஸ்ட்ரெஸ்’ என்று நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். அது கிட்டத்தட்ட வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. யாரும் நின்று கேட்பதில்லை. தமிழிலோ ‘மன அழுத்தம்’, ‘மனவுளைச்சல்’ எல்லாம் உயர்நிலைப் பள்ளியில் கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் படித்த சொற்கள். ‘மாணவர்களிடையே மன அழுத்தம்’ என்ற தலைப்பில் காரணங்களும் தீர்வுகளுமாக என்னால் இன்றும் அழகாக எழுத முடியும். அதே சொல்லைச் சமையலறையில் நின்று அம்மாவிடம் சொன்னால் ஏதோ நோயின் பெயரை அறிவிப்பதுபோல் இருக்கும். அவர் பயந்துவிடுவார்.

அன்று பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுடன் நின்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பாட்டி முறுக்கு நிரப்பிக் கொடுத்த டப்பா அது. அவர் அதில் குவே லாப்பிஸ் வைத்திருந்தார். இந்த ஆண்டு நீங்கள் எதுவும் செய்ய மாட்டீர்கள், அதனால் நான் கொண்டுவந்தேன் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அவர் போனபின் அம்மா டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அழுதார். பாட்டியின் இறுதிச்சடங்குக்குப் பிறகு அவர் என் எதிரில் அழுதது அன்றுதான்.

“எனக்கும் மனசு சரியில்லம்மா” என்றேன்.

அது பாட்டியின் பேச்சு. ஏதாவது வருத்தம் என்றால் “இன்னிக்கு மனசு சரியில்ல” என்பார். நாங்களும் அன்று அவரைத் தொந்தரவு செய்ய மாட்டோம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் தூக்கம், வகுப்பு, ஒப்படைக்காத கட்டுரை எல்லாம் வெளியே வந்தன. அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “சாப்டியா?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, “அப்பாகிட்ட நான் சொல்றேன்” என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். மறுநாள் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கட்டுரைக்கு மதிப்பெண் குறைந்தது குறைந்ததுதான். பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவில் நேரம் கிடைக்கச் சில நாள் ஆனது. அங்கே இருந்தவர் பாட்டியைப் பற்றிக் கேட்பார் என்று தயாராகப் போனேன். அவர் முதலில் எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்டார். எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. தூக்கம் திரும்பிய பிறகுதான் பாட்டியைப் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பு வந்தது.

என் கதையை நண்பர்களிடம் சொன்னபோது அவர்களிடமிருந்தும் கதைகள் வந்தன. ஈப்போவைச் சேர்ந்த ஒருவருக்கு மறுநாள் தேர்வு. ஊருக்குப் போகாமல் விடுதி அறையில் இருந்தவர், வீட்டிலிருந்து வந்த காணொளி அழைப்பைத் துண்டித்துவிட்டு அழுதாராம். இன்னொருவரின் பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். தீபாவளி என்றாலே காலையில் யார் வீடு, மாலையில் யார் வீடு என்ற கணக்கு. தேசிய சேவையில் இருந்த தோழர் ஒருவர் முகாமில் பணியில் இருந்தது தனக்கு நிம்மதியாக இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். உறவினர் வீடுகளுக்குப் போக வேண்டியதில்லையே!

ஒரு நாள் வாடியிருப்பது எல்லாருக்கும் நடப்பது. வருத்தமோ எதிலும் ஈடுபாடு இல்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கும் மேல் விடாமல் நீடித்தால், தூக்கமும் பசியும் படிப்பும் கெட்டால், உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் ஆலோசனைப் பிரிவு உண்டு. 16 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் மனநலக் கழகத்தின் ‘சாட்’ சேவையை நாடலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பேசத் தயக்கம் இருந்தால் 6669 1771 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலே சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் அழையுங்கள். விடுமுறை நாளிலும் எடுப்பார்கள்.

ஆகஸ்டில் பாட்டியின் முதலாண்டுத் திதி முடிந்தது. இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமையும் விடுமுறை. மதியம் இரண்டு மணிக்கு மேல் யார் வீட்டுக்கும் வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன். யாராவது மதிப்பெண்ணைப் பற்றி ஆரம்பித்தால் தம்பி என்னைத் தண்ணீர் எடுக்கக் கூப்பிட வேண்டும் என்றும் ஏற்பாடு. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சரி. பெரியம்மா வீட்டுக்கு மட்டும் வந்துடு. அதுக்கு முன்னாடி பாட்டியோட முறுக்கு அச்சைத் தேடிக் கொடு. மக்சிக் டப்பாவத் திருப்பிக் கொடுக்கணும்.”