நாலரை அடி தாழ்ந்த பாலம் சொல்லும் பாடம்

கான்கிரீட் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு மாறாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை அதுவன்று. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வெளியேற அது பல ஆண்டுகள் சுருங்கிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்க முயலும், உட்பகுதி இடம் கொடாது, விளைவு, விரிசல். இவற்றோடு, ஓயாத சுமையைத் தாங்கும் கான்கிரீட் மெல்ல மெல்ல இணங்கியும் கொடுக்கிறது. இதைப் பொறியாளர்கள் 'கிரீப்' என்பர்.

இந்த மாற்றங்களைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான பலாவு ஓர் எடுத்துக்காட்டு. அங்கு கோரோர், பாபெல்டாப் தீவுகளை இணைத்து 1977-இல் ஒரு பாலம் கட்டப்பட்டது. அதன் நடுக்கண் 241 மீட்டர்; அவ்வகைப் பாலங்களில் அன்றைய உலக சாதனை. எஃகு வடங்களை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டுக்கு முன்கூட்டியே அழுத்தம் தரும் முறையில் அது அமைந்தது.

18 ஆண்டுகளில் பாலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 1.4 மீட்டர், அதாவது நாலரை அடி, தாழ்ந்துவிட்டது. வடங்களின் இழுவிசையில் பாதி குறைந்திருந்தது. 1996-இல் புதிய வடங்கள் சேர்த்துச் சீரமைத்தனர். பணி முடிந்த சில மாதங்களில், செப்டம்பர் 26 அன்று, பாலம் இடிந்து விழுந்தது. இருவர் உயிரிழந்தனர். பாலத்தின் வழியே சென்ற குடிநீரும் மின்சாரமும் தடைபட்டன.

இடிந்ததற்கான காரணம் வேறு, தாழ்ந்ததற்கான காரணம் வேறு. ஆயினும் சீரமைப்புக்கான தேவையை உண்டாக்கியது அந்தத் தாழ்வுதான். அதை ஏன் முன்கூட்டியே கணிக்க இயலவில்லை?

முதற்காரணம், அன்றைய விதிமுறைச் சூத்திரங்கள் கிரீப் ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்று கொண்டன. ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளே நீடித்ததால் அப்படித் தோன்றியது. உண்மையில் அது மடக்கை விதியை ஒட்டி வளர்கிறது: முதலாம் ஆண்டுக்கும் பத்தாம் ஆண்டுக்கும் இடையே கூடும் அளவு, பத்தாம் ஆண்டுக்கும் நூறாம் ஆண்டுக்கும் இடையே மீண்டும் கூடக்கூடும்.

இரண்டாவது, பாலத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. தடிமன் இரு மடங்கானால் காயும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மேல்தளம் ஒரு விதமாகவும், தூணருகே மிகத் தடித்த அடித்தளம் வேறு விதமாகவும் சுருங்கும்போது பாலம் வளைகிறது. முழுக் குறுக்குவெட்டுக்கும் ஒரே சராசரியைப் பயன்படுத்தும் கணக்கில் இது அகப்படாது. கணினி மாதிரியோ பாலத்தை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஈரம், சுமை, விரிசல், வடத்தின் இழுவிசை ஆகியவற்றைக் காலப்படிகளாகக் கணக்கிடுகிறது.

ஆனால் எவ்வளவு நுட்பமான மாதிரியும் தரவின்றி வெறும் ஊகமே. பலாவு வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்ததும், தொழில்நுட்பத் தரவுகள் பூட்டி வைக்கப்பட்டன. 2007 நவம்பரில் பெங்களூருவில் கூடிய கட்டமைப்புப் பொறியாளர்களின் உலக மாநாடு, பெரிய விபத்துகளின் தரவுகளை வெளியிடுவது அறக்கடமை என்று தீர்மானித்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பசாந்த் இதில் முன்னின்றார். 2008 ஜனவரியில் தரவுகள் கிடைத்தன. அவரது குழுவின் கணினி ஆய்வு, வழக்கமான சூத்திரங்கள் உண்மைத் தாழ்வைவிட வெகுவாகக் குறைத்தே கணித்தன என்று காட்டியது. பிற நாடுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலங்களில் இதே போக்கு இருப்பதும் பின்னர் தெரியவந்தது.

பொருளியல் நோக்கில் இதில் ஒரு தெளிவான படிப்பினை உண்டு. வழக்காடிய தரப்பினருக்கு மௌனம் இலாபகரமானது. அதன் விலையைச் செலுத்தியவர்கள் பிற நாடுகளின் பாலங்களைக் கடப்பவர்களும் வரி செலுத்துவோரும். ஒரு கட்டுமானத்தின் தோல்வி பற்றிய அறிவு, ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைந்துவிடாத பொதுச் சொத்து. அதைத் தனியார் ஒப்பந்தம் முடக்கிவைக்க இடமளிக்கலாகாது.

நம் நாட்டிலும் இதே பெட்டி வடிவ உத்தரங்களின் மீது மேம்பாலங்களும் மெட்ரோ பாதைகளும் எழுந்து வருகின்றன. நூறாண்டு நிலைக்க வேண்டியவற்றின் தாழ்வையும் விரிசலையும் முதல் நாள் தொட்டே அளந்து, அந்த அளவீடுகளை எவரும் ஆராயும்படி வெளியிடுவதை ஒப்பந்த நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால், அதற்காகும் செலவு மிகச் சிறியது.