பின்னால் காடு, முன்னால் கடல், நடுவில் ஓலைக் குடில்: அருப்புக்கோட்டையிலிருந்து அந்தமானுக்கு ஒரு குடும்பத் திட்டம்

திருச்சுழி பக்கம் பனை ஓலை வீட்டைப் பிரித்துவிட்டு, கடன் வாங்கி கான்கிரீட் வீடு கட்டியவர்கள் ஏராளம். இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். ஓலைக் கூரை போட்ட குடில், வாசலில் மணல், பத்தடியில் நீலக் கடல், பின்னால் வானத்தை மறைக்கும் காடு. “லீவுக்கு இங்க போய்த் தங்கலாம்ப்பா!” என்கிறார்கள். “ஓலை வீட்டுல படுக்கவா இம்புட்டுக் காசு?” என்று அப்பத்தா சிரிக்கிறார்.

அப்பத்தா கேட்பதும் நியாயம்தான். தறி ஓட்டியும், பூ பறித்தும், சீட்டுப் போட்டும் சேர்த்த பணம் அது. ஒரு படத்தை நம்பி அட்வான்ஸ் கட்டிவிட்டு, மழையிலோ, கப்பல் ரத்தான நாளிலோ மாட்டிக்கொண்டால் பணமும் போகும், மனசும் உடையும். சரியாகத் திட்டமிட்டால் நம்மூர்க் குடும்பமும் நிம்மதியாகப் போய் வரலாம். அதற்கு ஒரே விதி: குடிலைக் கடைசியாகப் பிடியுங்கள். முதலில் மாதம், அடுத்து விமானமும் கப்பலும், அதன் பிறகே அறை.

ஏன் அந்தமான்?

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே போனால் சாயல்குடி, மூக்கையூர் பக்கம் கடல். மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மலைக்காடு. நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். இரண்டும் ஒரே இடத்தில், அதுவும் மழைக்காடு கடற்கரை வரை இறங்கி வந்து நிற்கும் காட்சி வேண்டுமானால், நம் நாட்டில் அதற்குப் பெயர்போன இடம் அந்தமான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்மேற்குப் பருவமழை ஏறக்குறைய மே மூன்றாம் வாரத்தில் அந்தமான் பக்கம் வந்துவிடும். ஜூன் முதல் தேதியை ஒட்டி கேரளாவைத் தொடும். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வெறும் காற்றைத்தான் அனுப்பும். அதனால்தான் நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கின்றன. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அந்தமானுக்குச் சுமார் 3,000. அந்தத் தீவுகளின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடுதான்.

குடிலில் தங்க விரும்புகிறவர்கள் அதிகம் தேடிப் போவது ஹேவ்லாக் தீவை. 2018 டிசம்பரில் இதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். தலைநகரான போர்ட் பிளேருக்கும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் வந்தது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மழையும் குறைவு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நல்ல மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம்.

இதை நம் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பாருங்கள்:

* காலாண்டு விடுமுறை: மழைக்காலம். அறை மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் குடிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நேரலாம்.
* அரையாண்டு விடுமுறை: கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம். விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும்.
* பொங்கல் விடுமுறை: பருவநிலை அருமை, ஆனால் நாட்கள் குறைவு.
* முழு ஆண்டு விடுமுறை: ஏப்ரல் கடைசி வாரம், மே முதல் வாரம் நல்லது. மே நடுப்பகுதியைத் தாண்டினால் மழை முந்திக்கொள்ளும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்.

அடுத்தது விமானமும் கப்பலும்

அருப்புக்கோட்டை வழியாகவே சிலம்பு எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிறது. வாரத்தில் சில நாட்கள்தான் என்பதால் உங்கள் தேதிக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். தாம்பரத்தில் இறங்கினால் விமான நிலையம் பக்கம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். அதற்கு முன்பே விமான டிக்கெட் எடுத்திருந்தால், முன்பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ரயில் சென்னைக்கு வரும் நேரத்துக்கும் விமானம் புறப்படும் நேரத்துக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்திலும் போகலாம்.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். பயணிகள் கப்பலும் உண்டு. அதில் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். மாதத்தில் சில தடவைதான் போகும். கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு விமானமே வசதி. இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஆதார் போன்ற அசல் அடையாள அட்டை போதும். பிள்ளைகளின் அட்டையையும் மறக்காதீர்கள்.

அங்கிருந்து ஸ்வராஜ் தீவுக்குக் கடல் வழிதான். தனியார் வேகக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுக் கப்பலில் கொஞ்சம் கூடுதல் நேரம், கட்டணம் குறைவு. கடல் சீறினால் எந்தக் கப்பலும் புறப்படாது. இந்த ஒரு விஷயம்தான் பலருடைய திட்டத்தைக் கவிழ்க்கிறது.

ஐந்து இரவுக் கணக்கு

* முதல் இரவு: ஸ்ரீ விஜயபுரம். மாலையில் செல்லுலார் சிறை.
* இரண்டு, மூன்று, நான்காம் இரவுகள்: ஸ்வராஜ் தீவில் கடற்கரைக் குடில்.
* ஐந்தாம் இரவு: மறுபடி ஸ்ரீ விஜயபுரம்.

கடைசி இரவையும் குடிலிலேயே கழித்துவிட்டு, காலைக் கப்பல் பிடித்து மதிய விமானம் ஏறலாம் என்று ஆசைப்படாதீர்கள். கப்பல் ரத்தானால் விமானம் போய்விடும். அந்த ஓர் இரவு, நீங்கள் சேர்த்த பணத்துக்கான காப்பீடு.

ஸ்ரீ விஜயபுரத்தில் மொழிப் பிரச்னையும் இல்லை. கடைத்தெருவில் தமிழ் சகஜம், வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு. ஸ்வராஜ் தீவில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்களே அதிகம். ராதாநகர், கோவிந்த் நகர், விஜய் நகர் என்று ஊர்ப் பெயர்களெல்லாம் அவர்கள் வழி வந்தவை. சோறும் மீன் குழம்பும் கிடைக்கும், குழந்தைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

இப்போது குடிலைப் பிடிக்கலாம்

“கடலோரம்” என்று போட்டிருந்தாலே போதாது. எந்தக் கடற்கரை என்று கேளுங்கள். மேற்கே பார்த்த ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் அழகு. அதை 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று எழுதியது. மணலின் ஓரத்திலேயே பெரிய மரங்கள் சுவர் போல எழுந்து நிற்கும். கிழக்கே பார்த்த விஜய் நகர் பக்கம் உதயம் அழகு. குடில்கள் அதிகம் இருப்பதும் இந்தக் கிழக்குக் கரையில்தான். ஆனால் வற்றம் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் பவளத்துண்டும் வெளியே தெரியும். படத்தில் பார்த்த கடல் அப்போது வாசலில் இருக்காது.

போனில் கேட்க வேண்டியவை:

1. குளியலறை குடிலோடு சேர்ந்ததா, பொதுவானதா? மேற்கத்திய கழிப்பறை உண்டா? முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.
2. கொசுவலை இருக்கிறதா? கிழிசல் இல்லாமல் இருக்குமா?
3. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? இரவு முழுக்க ஓடுமா?
4. எத்தனை படி ஏற வேண்டும்? மரக்கால் மேல் நிற்கும் குடிலுக்கு ஏணிப்படி இருக்கலாம்.
5. கப்பல் ரத்தாகி நாங்கள் வர முடியாவிட்டால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா?
6. துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம்? ஆட்டோ அனுப்புவார்களா?
7. சாப்பாடு வாடகையில் சேர்ந்ததா?

ஐந்தாவது கேள்விக்கான பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டாம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு தீவுகளில் இணையம் முன்னேறியிருக்கிறது. இருந்தாலும் மரங்களுக்கு நடுவே சிக்னலை நம்ப முடியாது. டிக்கெட்டுகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

கடல் நம் கண்மாய் இல்லை

கிணற்றில் குதித்து, கண்மாயில் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்குத் துணிச்சல் அதிகம். அங்கேதான் ஆபத்து. கிணற்றுத் தண்ணீர் நம்மை இழுக்காது, கடல் இழுக்கும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். புறப்படும் முன் வீட்டிலேயே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-ல் இதே தீவில் கடலில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். ஓடைகள் கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டின் ஓரம், அந்தி நேரம் – இந்த மூன்றையும் தவிர்த்தால் பெரும்பாலும் பயமில்லை. எச்சரிக்கைப் பலகையும், உயிர்காப்பாளர் ஊதும் விசிலும் விளையாட்டுக்கு இல்லை.

அங்கே சூரியன் நம்மூரை விட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். நாலரைக்கே பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கரையேற்றிவிடுங்கள். காலையில் சீக்கிரம் விடியும், அதை வீணாக்க வேண்டாம்.

ஸ்கூபா டைவிங் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு குறைந்தது 18 முதல் 24 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. நம் திட்டத்தின் கடைசி இரவு இதற்கும் உதவும்.

காட்டில்

புலி, சிறுத்தை எதுவும் அந்தமான் காட்டில் கிடையாது. பாம்பும் பெரிய பூரானும் உண்டு. இரவில் டார்ச் லைட் இல்லாமல் குடிலை விட்டு இறங்காதீர்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். மணலில் பொடி ஈக்கள் கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். கால் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்ல தடுப்பு. தென்னை மரத்தடியில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

கரையில் கிடக்கும் பவளத்துண்டை நினைவுக்கு எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

பெட்டிக்குள்

பெரும்பாலான விமானங்களில் ஆளுக்கு 15 கிலோ பெட்டிதான். பருத்தி உடை, குடை, ரப்பர் செருப்பு, காய்ச்சல், வாந்திக்கான மருந்து. பஸ்ஸிலேயே குமட்டுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு, கப்பல் ஏறும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். சாத்தூர் சேவு எடுத்துப் போகலாம். ஊறுகாயும் எண்ணெயும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பத்து நாளைக்கான மாத்திரையை வாங்கி வையுங்கள். ஸ்வராஜ் தீவில் சிறிய அரசு மருத்துவமனைதான். பெரிய சிகிச்சைக்கு ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும், நடுவே கடல் இருக்கிறது. சமீபத்தில் இதய சிகிச்சை எடுத்தவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது.

முதலில் ஓர் ஒத்திகை

அட்வான்ஸ் கட்டும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மூக்கையூர் கடற்கரைக்குப் போய் வாருங்கள். மறு வாரம் ராஜபாளையம் அய்யனார் அருவிப் பக்கம். யார் வெயில் தாங்குகிறார், யாருக்குக் கால் வலிக்கிறது, யார் பேச்சைக் கேட்காமல் தண்ணீரில் இறங்குகிறார் என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். அதைப் பார்த்து அந்தமான் நாட்களைக் கூட்டலாம், குறைக்கலாம்.

கடைசியாக ஒன்று. அவ்வளவு மழை பெய்தும், கோடையில் ஸ்ரீ விஜயபுரத்தில் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு வருவதுண்டு. குடிலில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்து முடிக்க நம்மூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே வந்து தங்கும் மற்றவர்களுக்கு அப்பத்தா பாடமே எடுக்கலாம். அவருக்கும் சேர்த்தே டிக்கெட் போடுங்கள்.