நோயிலிருந்து மீள்வோருக்கு ஒரு நூல்: எதை எழுதலாம், எதை விடலாம்?

உண்ணுதல் கோளாறுகள் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குபவை. பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்டாலும் ஆண் பிள்ளைகளுக்கும் வரும். உணவைக் கடுமையாகக் குறைத்து உடல் மெலியும் நிலைக்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று 1873-இல் பெயரிட்டவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கல். கட்டுப்பாடின்றி உண்பதும், பின் அதை ஈடுகட்ட முயல்வதுமாகத் தொடரும் ‘புலிமியா நெர்வோசா’வை 1979-இல் விளக்கியவர் ஜெரால்டு ரஸ்ஸல்.

இந்நோயிலிருந்து மீண்டவர்கள் தம் அனுபவத்தை எழுதும்போது ஒரு சிக்கல் எழுகிறது. எச்சரிப்பதற்காக எழுதிய நூலே நோயுற்றவருக்குத் தவறான வழிகாட்டியாகிவிடலாம். அமெரிக்க எழுத்தாளர் மார்யா ஹார்ன்பாக்கர் 1998-இல் வெளியிட்ட ‘வேஸ்டட்’ என்னும் தன்வரலாறு பெரிதும் பாராட்டப்பட்டது. ஆனால், அதிலுள்ள எடை விவரங்களையும் பழக்கங்களையும் நோயுற்ற வாசகர் சிலர் பின்பற்ற முயல்கின்றனர் என்ற கவலையும் எழுந்தது. இது ஒப்பிட்டுப் பார்க்கத் தூண்டும் நோய். நூலில் ஓர் எடையைக் கண்டதும், ‘நான் அந்த அளவுக்கு மெலியவில்லையே, எனக்கு எதற்குச் சிகிச்சை?’ என்று மனம் கணக்குப் போடும்.

2004-இல் ஜென்னி ஷேஃபர், தமக்குச் சிகிச்சையளித்த உளச்சிகிச்சையாளர் தாம் ரட்லெட்ஜுடன் இணைந்து எழுதிய ‘லைஃப் விதவுட் எட்’ மீட்சியை மையமாக்கியது. ‘எட்’ என்பது உண்ணுதல் கோளாறைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள், ஆண்களின் பெயரும்கூட. நோயைக் கொடுமைக்காரத் துணைவனாக உருவகித்து, அவனைப் பிரிந்துவரும் கதையாக ஜென்னி எழுதினார். தலைக்குள் ஒலிக்கும் கட்டளை நோயினுடையது, தன்னுடையது அன்று எனப் பிரித்தறிய இது வாசகருக்கு உதவுகிறது. இயல்கள் சிறியவை; சோர்ந்த நாளிலும் ஒன்றைப் படித்துவிடலாம். துணைநின்றவர்களைப் பற்றியும், சறுக்கி மீண்டும் எழுந்ததைப் பற்றியும் நூல் பேசுகிறது.

இத்தகைய நூலை எழுதி வெளியிடுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எடை, கலோரி எண்களையும் உணவைத் தவிர்த்த முறைகளையும் எழுதக் கூடாது. மெலிந்த உடலின் படத்தை அட்டையில் போடக் கூடாது. பிரிட்டனைச் சேர்ந்த ‘பீட்’ தொண்டு நிறுவனம் ஊடகங்களுக்குக் கூறும் அறிவுரையும் இத்தகையதே. அச்சுக்குமுன் கையெழுத்துப்படியை மனநல மருத்துவர் ஒருவரும், நோயிலிருந்து மீண்ட ஒருவரும் படித்துப் பார்ப்பது நல்லது. உதவி எங்கே கிடைக்கும் என்பது நூலில் எளிதில் கண்ணில்பட வேண்டும்.

பள்ளி நூலகத்துக்கு நூல் தேர்ந்தெடுக்கும்போதும் இவற்றையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம். உடல்நலப் பரிசோதனையில் மாணவரின் எடையை எல்லோர் முன்னும் வாசிக்காமலிருப்பதும் இதே அக்கறைதான்.

ஒரு மாணவி தன் உணவுப் போராட்டத்தைக் கட்டுரை ஏட்டில் எழுதியிருந்தால், நன்றாக இருக்கிறதே என்று அதைச் சுவரிதழில் ஒட்டிவிட வேண்டாம். முதலில் தனியே அழைத்துப் பேசுவோம். பெற்றோரையும் மருத்துவரையும் அணுக உதவுவோம். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14416 உள்ளது. அவள் எழுதியதை வெளியிடலாமா என்பதை, அவள் நலமடைந்த பின் அவளே முடிவு செய்யட்டும்.